ஏழாவது ஷரத்து

அருள் கண்ணா,

இன்னும் ஆறு வாரத்தில் உனக்குக் கல்யாணம். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் ஜூன் மாத வெயிலில் நீ பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கப்போவதை நினைத்து உன் அப்பா இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய கல்யாணத்தில் அவர் வேட்டி இரண்டு முறை நழுவியது. அதை உனக்குச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருடமாக என்னிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். இன்றோடு அந்தச் சத்தியம் காலாவதி. மனைவியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மாமனார் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் உனக்குச் சொல்ல டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் போதுமான ஆன்ட்டிகள் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். சண்டை போடுவது எப்படி என்று யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது தானாக வந்துவிடும். சண்டையை முடிப்பதுதான் கஷ்டம். அதில் நான் ஒரு முறை மிக மோசமாகத் தவறினேன். கதையில் பாதி உனக்குத் தெரியும், நீயே அதில் இருந்தாய். மீதிப் பாதியை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் வரலாறு எடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போர் பாடத்தின் கடைசியில் வெர்சேல்ஸ் உடன்படிக்கை வரும். நோக்கங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. இரண்டுக்கும் சேர்த்துப் பத்து மதிப்பெண். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து எழுதுவேன். பிள்ளைகள் அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். நோக்கம்: நிலையான அமைதி. விளைவு: இருபது வருடத்தில் அதைவிடப் பெரிய போர். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு நான் பாட்டுக்கு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், சமாதானம் பேசறப்போ ஜெர்மனிக்காரங்களக் கூப்பிடவே இல்லையா?" என்று கேட்டாள். கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசித்ததே கிடையாது. "அது போர்ஷன்ல இல்ல, உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேள்விக்கான பதிலை நான் கற்றுக்கொள்ள இன்னொரு நாடும் பதினைந்து வருடமும் ஆயின.

உனக்கு நாலு வயதாக இருக்கும்போது நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்தோம். அப்பா தினமும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து நியூயார்க் போய்விடுவார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு இந்த ஊரில் கால் இல்லை என்றுதான் அர்த்தம். அப்போது கிடைத்தவள்தான் உன் வசந்தா ஆன்ட்டி. பிஸ்கட்டவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் பழைய டொயோட்டாவில் வந்து, ஸ்டேஷன் பார்க்கிங் காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தாள். நான் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வேலிக் கம்பத்தை இடித்தபோது, "பரவால்லடி, கம்பத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். கார் முகப்பு உள்ளே போயிருந்தது. லைசென்ஸ் வாங்கி, லைப்ரரியில் வேலைக்குச் சேர்ந்து, இங்கே நான் ஒரு மனுஷியாக நடமாட ஆரம்பித்தது அவளால். தமிழ்ச் சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தவளும் அவள்தான். உனக்கு அ, ஆ கற்றுத்தந்தது அம்மா இல்லை, அவள். நான் சொல்லிக்கொடுத்தால் நீ ஓடிவிடுவாய்.

சண்டை வந்தது நாடகத்தால். வசந்தாவின் வீட்டுக்காரர் பாஸ்கரன் அங்கிளுக்கு நாடகம் என்றால் உயிர். மருந்துக் கம்பெனி லேபில் வேலை. ஆனால் மனதுக்குள் அவர் ஒரு ராஜா. அந்த வருடப் பொங்கல் விழாவுக்காக மூன்று மாதம் ஒத்திகை பார்த்து ஒரு சரித்திர நாடகம் தயார் செய்திருந்தார். எழுத்து, இயக்கம், கதாநாயகன் மூன்றும் அவரே. உன் அப்பா அந்த வருடம் சங்கச் செயலாளர். ஸ்கூல் ஆடிட்டோரியத்தை ஆறு மணிக்குக் காலி செய்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பா கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றதை நீ மறந்திருக்க மாட்டாய். குழந்தைகள் நடனம் இழுத்தது, பாட்டு இழுத்தது, நன்றியுரை எல்லாவற்றையும்விட இழுத்தது. நாடகம் தொடங்கியதே ஐந்தரைக்கு. முதல் காட்சி முடிந்து ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்த நேரத்தில் அப்பா மேடைக்கு ஏறி, "மன்னிக்கணும், ஹால் டைம் முடிஞ்சிடுச்சு" என்று மைக்கில் சொல்லிவிட்டார். பாஸ்கரன் அங்கிளின் ஒட்டு மீசையில் பாதி வேர்வையில் கழன்று தொங்கியது. சிலர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. வசந்தா எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்து, "உன் வீட்டுக்காரருக்குக் கலைன்னா என்னன்னு தெரியுமாடி? வாழ்க்கை பூரா ட்ரெயின் டைம்டேபிள் பாக்கற மனுஷன்!" என்றாள். அடுத்த மாதமே இரண்டாவது சங்கம் பிறந்துவிட்டது.

இரண்டு வருடம் நடந்த அந்தக் கூத்தை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரே சனிக்கிழமை இரண்டு தீபாவளி விழா. நம் விழாவுக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு அவர்கள் விழா நடக்கும் ஸ்கூல் வழியாகக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிங்கில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணிவிட்டு வருவார்கள். அவர்களும் அதையேதான் செய்தார்கள். ஒரு முறை இரண்டு பக்கத்து ஒற்றர்களும் ஒரே டிராஃபிக் சிக்னலில் எதிரெதிரே நின்று, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்களாம். ஞாயிறு வகுப்பும் இரண்டாகப் பிரிந்தது. நம் பக்கத்துக்குப் பிள்ளைகள் அதிகம், வாத்தியார் கிடையாது. அவர்கள் பக்கத்துக்கு வசந்தா இருந்தாள், பிள்ளைகள் குறைவு. கடைசியில் கூட்டம் சேராமல் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள். சேர்ந்துவிடலாம் என்று பாஸ்கரன் அங்கிள் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார்.

நாம் ஜெயித்துவிட்டோம். ஜெயித்தவர்கள் ஐந்து பேர் நம் பேஸ்மென்ட்டில் கூடி நிபந்தனைகளைப் பேசினார்கள். எழுதும் பொறுப்பு எனக்கு. வரலாறு படித்தவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்றார்கள். அவர்கள் சங்கம் கலைக்கப்பட வேண்டும். அதன் பொறுப்பாளர்கள் மூன்று வருடம் தேர்தலில் நிற்கக் கூடாது. சவுண்ட் சிஸ்டம் நம்மிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இனிமேல் எந்த நாடகமும் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இப்படி ஆறு ஷரத்து ஆனதும் எல்லோரும் போதும் என்று எழுந்தார்கள். நான்தான் "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று உட்காரவைத்தேன். ஏழாவது ஷரத்து: பிரிவினைக்கும் அதனால் விளைந்த எல்லாச் சங்கடங்களுக்கும் நாங்களே முழுப் பொறுப்பு என்பதை விழா மேடையில் அனைவர் முன்னிலையிலும் வாசித்து ஏற்றுக்கொள்கிறோம். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அருள், இதை முதல்முறையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்: அந்த ஷரத்துக்கும் சங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வசந்தா எல்லோர் முன்னாலும் என் புருஷனை மட்டமாகப் பேசினாள். அவள் புருஷன் எல்லோர் முன்னாலும் தலை குனிய வேண்டும். அவ்வளவுதான் என் நோக்கம். மற்றதெல்லாம் நல்ல தமிழ்.

அதே வாரம் உன் ஹைஸ்கூலில் ஹிஸ்டரி வகுப்பில் மாதிரி சமாதான மாநாடு நடந்தது. வகுப்பு முழுக்க 1919ஆம் வருடத்துப் பாரிஸ், ஆளுக்கு ஒரு நாடு. சீட்டுக் குலுக்கியதில் உனக்கு ஜெர்மனி விழுந்தது. நீ ஒரு வாரம் லைப்ரரியில் என் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாய். பேசுவதற்கு அட்டை அட்டையாகக் குறிப்பு எழுதினாய். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து புத்தகப் பையைத் தூக்கி எறிந்தாய். "டீச்சர் எனக்கு வாட்டர் ஃபவுண்டன் பக்கத்துல ஒரு சேர் போட்டுட்டாரும்மா. த்ரீ டேஸ் ஹால்வேலயே உக்காந்திருந்தேன். உள்ள என்ன பேசறாங்கன்னே தெரியல. தென் தே ஜஸ்ட் கால்டு மீ இன் அண்ட் கேவ் மீ எ பென்!" என்று கத்தினாய். நான் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "கிரேடு என்ன?" என்று கேட்டேன். "ஏ" என்றாய். "அப்புறம் என்னடா?" என்றேன். உன் வாத்தியார் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் உறைத்தது. உன் குறிப்பு அட்டைகளில் எழுத முடியாத ஒன்றை அவர் உனக்கு அந்த நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நான் எழுதிய தாள் கிடந்தது. நீ அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாய். வசந்தா கற்றுத்தந்த எழுத்து. ஏழாவதில் வந்து நின்று, இரண்டாம் முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அம்மா, யூ ரோட் திஸ்? இது வெர்சேல்ஸ்மா. அதுலயும் இதேதான் இருக்கு. ஆர்ட்டிகிள் டூ தர்ட்டி ஒன்." போருக்கு ஜெர்மனியே பொறுப்பு என்று ஏற்கவைத்த பிரிவு அது, திண்டுக்கல்லில் என் கரும்பலகையில் மூன்றாவது நோக்கமாக இருந்தது. "பெரிய மனுஷன் மாதிரி பேசாத. தோத்தவங்க கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். தட்ட எடுத்து வை" என்றேன். நீ தட்டை எடுத்து வைத்தாய். எனக்கு உள்ளே எங்கோ நெருடியது. நெருடலை நிறுத்த ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் இருவரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு இல்லை, கையெழுத்துக்கு. ஜெயித்த ஐந்து பேரும் சோபாவில்; அவர்களுக்கு டைனிங் நாற்காலி இரண்டு. நான் காபி கொடுத்தேன். பாஸ்கரன் அங்கிள் நிதானமாகப் படித்தார். நாடகத்துக்கு இருபது நிமிடம் என்ற இடத்தில் லேசாகச் சிரித்துக்கொண்டார். கடைசிக்கு வந்ததும், "மத்ததெல்லாம் சரி. இந்த ஏழாவத மட்டும் எடுத்துடலாமா?" என்று கேட்டார். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். அவர் எடுத்துவிடத் தயாராக இருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. "அது இல்லன்னா மத்ததுக்கு அர்த்தமே இல்லையே" என்றேன் நான். பாஸ்கரன் அங்கிள் கையெழுத்துப் போட்டார். வசந்தா எழுந்து போய், தான் குடித்த டம்ளரைத் தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். எட்டு வருடம் அந்தச் சமையலறையில் என்னோடு சேர்ந்து நின்றவள், அன்று விருந்தாளியைவிட அந்நியமாக நடந்துகொண்டாள்.

சித்திரை விழாவில் பாஸ்கரன் அங்கிள் அதை வாசித்தார். அந்த மனிதருக்கு எப்படிப்பட்ட குரல்! மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். அன்று மருந்துப் பாட்டில் லேபிளைப் படிக்கிறவர் மாதிரி, ஏற்றம் இறக்கம் இல்லாமல் வாசித்து முடித்துவிட்டு இறங்கினார். கொஞ்சம் பேர் கை தட்டினார்கள். நீ எழுந்து வெளியே போனாய். நான் வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது; அது கையில் வந்த அந்த நொடியே எனக்கு அது வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. உடன்படிக்கைப்படி எல்லாம் நடந்தன. ஒரே சங்கம், ஒரே பொங்கல், ஒரே தீபாவளி. ஆனால் அவர்களும் அவர்களோடு பதினோரு குடும்பமும் அதன் பிறகு எதற்கும் வரவில்லை. வராமல் இருக்கக் கூடாது என்று ஷரத்து எதுவும் எழுத முடியாதே! ஞாயிறு வகுப்புக்கு வாத்தியார் இல்லாமல் மூடிவிட்டோம். எடிசன் ஊரின் இந்தியக் கடைத்தெருவில் முருங்கைக்காய் பொறுக்கும்போது வசந்தா எதிரே வந்தால், "நல்லா இருக்கீங்களா? சார் நல்லா இருக்காரா?" என்பாள். என்னை "என்னடி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் கொடுத்த அந்த மரியாதை எனக்கு எப்படி வலித்தது என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

இப்போது உன் துரோகத்துக்கு வருகிறேன். பிஸ்கட்டவேயில் நீ காலேஜ் சேர்ந்து இரண்டாவது வருடம், துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்தாய். அழுக்கு ஜீன்ஸுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியில் ஆணியால் கொத்திய எழுத்து: வ. பா. திறந்தால் வத்தக்குழம்பு வாசனை. "இது எங்கடா வந்தது?" என்றேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "தர்ஸ்டே தர்ஸ்டே அங்க சாப்பிடப் போவேன்மா" என்றாய். "எத்தன நாளா?" "ஃப்ரெஷ்மன் இயர்லேர்ந்து." ஒன்றரை வருடம்! எங்களுக்குத் தெரியாமல் நீ தனியாக ஒரு சமாதானம் செய்துகொண்டு ஜாலியாக வத்தக்குழம்பு சாப்பிட்டிருக்கிறாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. "என்னப் பத்தி என்ன சொன்னா?" என்று கேட்டேன். "நத்திங். உனக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு கேப்பாங்க. எவ்ரி டைம்" என்றாய். நான் வாஷிங் மெஷினில் சோப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். பேஸ்மென்ட் முழுக்க நுரை. நீயும் அப்பாவும் துடைப்பத்தோடு அதைத் தள்ளியதுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதது உங்களுக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை காலை, கழுவிய டப்பாவில் ரவா லட்டு போட்டு எடுத்துக்கொண்டு பிஸ்கட்டவேக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அழகான வாக்கியங்கள். கதவைத் திறந்த வசந்தா என்னையும் டப்பாவையும் பார்த்துவிட்டு, "செருப்ப உள்ள விடுங்க, மழை வருது" என்றாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏழாவது நான் எழுதினது. அவர் இல்ல, கமிட்டி இல்ல. நான்தான்" என்றேன். அவள் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்றாள். உன் கையெழுத்து. அந்த 'உன்'னைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழறதுன்னா உக்காந்து அழுடி, உனக்கு முட்டி வலி" என்றாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அவளும்தான். அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. திண்டுக்கல் பெண் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். "உனக்கு என்ன வேணும் வசந்தா? நீ சொல்லு" என்று கேட்டேன். மேடையில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பாள் என்று நினைத்தேன், அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "அவரோட நாடகம். முழுசா. ஒரே ஒரு தடவ" என்றாள்.

இரண்டாவது உடன்படிக்கை, அப்பாவையும் வரவழைத்து, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் நாலு பேரும் இட்லி சாப்பிட்டபடி பேசியது. மூன்று மணி நேரம் ஆனது. முதல் உடன்படிக்கையை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ்கரன் அங்கிளுக்கு மனதில் நிறைய இருந்தது. "ராஜா வேஷத்துல இருக்கறவன மைக்ல இறங்கச் சொல்லலாமா சார்?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான். நான் வாட்ச்சத்தான் பாத்துட்டு இருந்தேன், உங்களப் பாக்கல" என்றார். பிறகு அப்பாவும் ஏதாவது வாசிக்க வேண்டுமா என்ற பேச்சு வந்தது. வசந்தாதான் வெட்டிவிட்டாள்: "யாரும் எதுவும் வாசிக்க வேண்டாம். வாசிச்சதெல்லாம் போதும்." இரண்டு மணி நேர நாடகத்தை ஒன்றே முக்காலாகக் குறைக்க அங்கிள் ஒப்புக்கொண்டார், முழுசாகத்தான் வேண்டும் என்றிருந்த வசந்தாவும் அந்தக் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுத்தாள். விழாவை மதியம் ஒரு மணிக்கே தொடங்க அப்பா ஒப்புக்கொண்டார். ஞாயிறு வகுப்பை வசந்தா திரும்ப எடுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் வருகைப் பதிவு எடுப்பேன். வாயில்காப்போன் வேஷத்துக்கு ஆள் இல்லை என்றதும் அப்பா, யாரும் கேட்காமலே, "நான் வேணா நிக்கறேன்" என்றார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதலாமா என்று நான் கேட்டதற்கு மூன்று பேரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள்.

அந்தப் பொங்கலுக்கு நீயும் வந்திருந்தாய், எனவே உண்மையைச் சொல்லிவிடலாம்: நாடகம் படு மோசம். ராஜா செத்து விழ மட்டும் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். வாயில்காப்போனுக்கு இருந்தது ஒரே ஒரு வசனம்; அதையும் உன் அப்பா மறந்துவிட்டு, ஈட்டியைத் தட்டி "யெஸ், மன்னா" என்றார். ஆனால் நிறைந்த சபையில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஹாலைப் பூட்ட வந்த ஜானிட்டர்கூட ஒரு தட்டுச் சர்க்கரைப் பொங்கலோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, ராஜா விழுந்ததும் விசில் அடித்தார். பாஸ்கரன் அங்கிள் மீசையோடு வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டபோது அந்த மீசை அப்பா சட்டையில் ஒட்டிக்கொண்டது. வராமல் இருந்த பதினோரு குடும்பத்தில் ஒன்பது அன்று திரும்பி வந்தன. இரண்டு இன்றுவரை வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும், எல்லாம் ஒட்டிவிடாது.

லைப்ரரியில் வேலை இல்லாத நேரத்தில் நான் இப்போது பழைய உடன்படிக்கைகளைப் பற்றித்தான் படிக்கிறேன். திண்டுக்கல் நோட்டில் இல்லாததெல்லாம் இருக்கிறது. நெப்போலியன் தோற்ற பிறகு வியன்னாவில் கூடியவர்கள் தோற்ற பிரான்சையும் மேஜையில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். அவர்களும் மகான்கள் இல்லை, சின்ன நாடுகளைப் பங்கு போட்டவர்கள்தான், ஆனாலும் ஐரோப்பா முழுக்கப் பற்றி எரியும் போர் அதன் பிறகு வெகு காலத்துக்கு வரவில்லை. வெர்சேல்ஸில் கையெழுத்துப் போடக் கண்ணாடி மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. முந்தைய ஒரு போரில் பிரான்சைத் தோற்கடித்த ஜெர்மனி தன் பேரரசை அறிவித்தது அதே மண்டபத்தில்தான். அந்த அவமானத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்த இடம். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நானும் விழா மேடையைத் தேர்ந்தெடுத்தவள்தானே! இரண்டாம் போருக்குப் பிறகு, ஜெர்மனியை ஆக்கிரமித்துத் தலைவர்களை விசாரித்துத் தண்டித்தார்கள். கூடவே இடிந்த ஊர்களைக் கட்டவும் உதவினார்கள். அன்பினால் மட்டும் இல்லை, அடுத்த எதிரியைப் பற்றிய பயத்தாலும்தான். இருந்தாலும் விளைவு நன்றாக இருந்தது. இதையெல்லாம் மீரா முதல்முறை நம் வீட்டுக்கு வந்தபோது நான் பெருமையாகச் சொன்னேன். வருங்கால மாமியார் பேசினால் தலையாட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தோசையைக் கீழே வைத்துவிட்டு, "ஐ டிஸ்அக்ரீ, ஆன்ட்டி" என்றாள். "ஃப்ரான்ஸ் எவ்ளோ பேர இழந்திருக்கு! அவங்களுக்குக் கோவம் வராதா? ப்ராப்ளம் வந்து டேர்ம்ஸ் மட்டும் இல்ல. சைன் பண்ணிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அமெரிக்கா ராட்டிஃபை கூடப் பண்ணல. யாருமே அப்புறம் பாத்துக்கல." எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துவிட்டது. வசந்தாவும் நானும் இன்றும் வாரம் ஒரு முறை எதற்காவது முறைத்துக்கொள்கிறோம், மறுநாள் யாராவது ஒருத்தி ஃபோன் செய்துவிடுகிறோம். பார்த்துக்கொள்வது என்று மீரா சொன்னது அதைத்தான்.

சரி, இவ்வளவையும் இன்று உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்த ஃபோன். கலிஃபோர்னியா பே ஏரியாவில் உனக்குக் கிடைத்த வேலையை எடுத்துக்கொள்வதா, மீராவுக்காக ஹூஸ்டனிலேயே இருப்பதா என்று உங்கள் இருவருக்கும் ஒரு மாதமாகச் சண்டை என்பது எங்களுக்குத் தெரியும். நீ சந்தோஷமாகச் சொன்னாய்: "எல்லாம் ஸெட்டில் ஆயிடுச்சும்மா. ஷீ அக்ரீட் டு எவ்ரிதிங்." அப்பா கங்கிராட்ஸ் என்றார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன், லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்தாய். தோசையைக் கீழே வைத்துவிட்டு என்னோடு வாதாடிய பெண், எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டாளா? அவள் வேலை, அவள் அம்மா அப்பா, அவள் பிறந்து வளர்ந்த ஊர், எதைப் பற்றியும் அவளுக்கு ஒரு ஷரத்துகூட இல்லையா? அருள், நீ நல்லவன். யாரையும் குனியவைக்க நினைக்க மாட்டாய், அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வரவில்லை. ஆனால் வாதாடுவதில் கெட்டிக்காரன். எதிரே இருப்பவர் களைத்துப்போகும்வரை பேசுவாய், களைத்துப்போய் ஒருவர் சொல்லும் சரியும் உன் காதுக்குச் சரியாகத்தான் கேட்கும்.

கலிஃபோர்னியா போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகும் நீங்கள் அங்கேதான் போவீர்கள், அங்கே நன்றாகவும் இருப்பீர்கள். எங்கே போகிறீர்கள் என்பது உங்கள் இருவர் பாடு. ஆனால் அவளிடம் போய், ஜெயித்த முகத்தை வைத்துக்கொள்ளாமல், உனக்கு என்ன வேணும் என்று கேள். கேட்டுவிட்டு நீ பேசாதே. அவள் உடனே சொல்ல மாட்டாள், ஒன்றுமில்லை என்பாள். காத்திரு. மூன்று மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, இட்லி வேண்டுமானால் பண்ணிக்கொள்ளுங்கள். அவள் சொல்வது உனக்குப் பிடிக்காததாக இருக்கலாம். நீ கேட்டு வாங்கியதில் ஒன்றிரண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். கொடு. பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, இப்போது போய் எதற்குக் கிளறுவது என்று உனக்குத் தோன்றும். இப்போதுதான் கிளற வேண்டும்.

படித்து முடித்ததும் எனக்கு ஃபோன் பண்ணாதே, அவளிடம் போ. ஹூஸ்டனில் அப்போது அவள் வேலையிலிருந்து வீடு திரும்பும் நேரமாக இருந்தால், இன்னும் நல்லது.

அம்மா